ஜெயபுஷ்பம் கேட்ட நாற்காலி

ரத்தினசாமி சார் விடைபெற்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எனக்கப்புறம் இந்த நாற்காலியில யார் உக்காரப் போறாங்களோ, அவங்களுக்கு என் வாழ்த்துகள்" என்றார். பேச்சுக்குச் சொன்னதுதான். கூட்டம் கைதட்டத் தயாராக இருந்தது. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து நின்று, "சார், நான் உக்காரட்டுமா?" என்று கேட்டார்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் வரவேண்டும் என்று அப்படியே நின்றார். சார் கேமராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில், "அத மக்பூல் பாய்தாம்மா சொல்லணும்" என்றார். "சரி சார், அவரையே கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்தார்.

அவர்தான் ஜெயபுஷ்பம். ஊர் மாதனூர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கர், அதாவது தைத்து வரும் தோலைக் கையில் வாங்கி, தேறும் தேறாது என்று சொல்கிற வேலை. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் கரோலின். வாரத்தில் ஆறு நாள் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மக்பூல் அகமது பாயின் கேபிள் சேனலில் வரும் ‘ஞாயிறு கேள்வி’ நிகழ்ச்சிக்கு மார்க் போடுகிறேன். கோபம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி என்று வீட்டில் சொல்வார்கள். கொஞ்சம் என்பது அவர்கள் பெருந்தன்மை.

‘ஞாயிறு கேள்வி’ பெரிய சேனல்காரர்கள் கோடி கொட்டி நடத்துகிற மாதிரி இல்லை. பஜாரில் பாயின் ஆபீசுக்கு மேல்மாடியில் ஒரு ஹால், இரண்டு கேமரா, விடைகளைக் காட்ட ஒரு திரை, நான்கு ஃபேன். வாரத்துக்கு இரண்டு கம்பெனிகள் மோதும். ஓர் அணிக்கு மூன்று பேர். ஒரு கேள்விக்கு மூன்று விடைகளைப் படித்துக் காட்டுவோம், ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெயித்த மூன்று பேருக்கும் ஆளுக்கொரு கிரைண்டர். அது ஒரு துணிக்கடை முதலாளியின் உபயம். இவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் ஞாயிறு ஆறு மணிக்கு மேல் ஆம்பூரிலும் சுற்றுப்பட்டிலும் டீக்கடை டிவியில் வேறெதையும் போட்டால் கிளாஸ் பறக்கும். ரத்தினசாமி சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பத்து வருடத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தவர், மகள் வீட்டோடு இருக்க ஓசூர் கிளம்பிவிட்டார். இடம் காலியானது.

கேட்டு வாங்குவது ஜெயபுஷ்பத்துக்குப் புதிதல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பத்தாவது முடித்துக் கம்பெனியில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது பசை தடவும் வேலை. மற்ற பெண்கள் தையல் மெஷினை ஓரக்கண்ணால் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் சூப்பர்வைசரிடம் நேராகப் போய், "எனக்கு ஒரு மெஷின் குடுங்க சார், ஒரு வாரம் பாருங்க, தேறலன்னா பசைக்கே போறேன்" என்றார். கொடுத்தார்கள். செக்கர் வேலையையும் அப்படித்தான் கேட்டு வாங்கினார். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. இவருடைய வீட்டுக்காரர் டேனியல் எலக்ட்ரீஷியன். அரக்கோணத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். அவரை ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மடக்கி, "என்னக் கட்டிக்கிறியா? உனக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடு, நான் வேற வேலையப் பாக்கணும்" என்று கேட்டவர் ஜெயபுஷ்பம்தான். டேனியல் அண்ணன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கெல்லாம் பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தச் சொல்லிக் கேட்கக்கூட நாக்கு எழாது. மனதுக்குள்ளேயே திட்டிக்கொண்டு நனைந்தபடி வருவேன். அதனால்தானோ என்னவோ, அந்த அம்மாமேல் முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எரிச்சல் எனக்கு மட்டுமா வந்தது? மறுநாளே வாட்ஸ்அப் குரூப்புகள் கொதித்தன. ‘பத்தாங்கிளாஸ் படிச்சது கேள்வி கேக்கப் போவுதாம்’ என்று ஒருவர். ‘ஒரு பொம்பள தானா எழுந்து நின்னு சேர் கேக்கறதா? வாய்க்கொழுப்பு’ என்று இன்னொருவர். ‘ஏன், கேட்டா இன்னா தப்பு? நீ கேக்கறதுதான, உன் வாயில இன்னா கொழுக்கட்டையா’ என்று அவர்களுக்குப் பதில். துணிக்கடை முதலாளியோ தம் அண்ணன் மகன் கௌதமை நாற்காலியில் உட்கார வைக்க நினைத்திருந்தார். எம்.பி.ஏ. படித்த பையன், கல்யாண ரிசப்ஷன்களில் மைக் பிடித்துப் பழகியவன், கோட்டு சூட்டு போட்டால் எடுப்பாக இருப்பான். சேனலுக்கு வரும் விளம்பரத்தில் பாதிக்கு மேல் துணிக்கடையுடையது. மக்பூல் பாயால் இந்தப் பக்கமும் சாய முடியவில்லை, அந்தப் பக்கமும் சாய முடியவில்லை. "பேஜாரா போச்சும்மா கரோலின். ஆளுக்கு ஒரு வாரம் குடுத்துப் பாத்துடுவோம், அப்புறம் ஜனங்க இன்னா சொல்றாங்களோ அதான்" என்றார்.

முதல் வாரம் கௌதம். பையனைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் பேசினான். ஆனால் நிகழ்ச்சிக்கு ஒரு களை வேண்டும் என்று, நேரம் முடிந்தால் ஒலிக்க நீளமான ஒரு சைரன் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தான். முதல் கேள்விக்கே சைரன் அலறியது. அடுத்த நொடி ஆறு போட்டியாளர்களும் எழுந்து நின்றார்கள். பார்வையாளர்களில் பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். ஓர் அம்மா படிக்கட்டு வரைக்கும் போய்விட்டார். வருஷக்கணக்காக சைரன் கேட்டதும் மெஷினை நிறுத்தி, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிப் பழகிய கால்கள், என்ன செய்யும்! கௌதம், "உக்காருங்க, உக்காருங்க, இது ஷிப்ட் இல்ல" என்று கெஞ்சுவதை ஊரே பார்த்தது. நான் மார்க் பலகைக்குப் பின்னால் குனிந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அடுத்த வாரம் ஜெயபுஷ்பம்.

எப்படிச் சொல்வது? ரத்தினசாமி சார் கேள்வி கேட்டால் பரீட்சை ஹால் மாதிரி இருக்கும். விடை தெரியாதவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இந்த அம்மா கேட்டபோது யாரும் குனியவில்லை. காலையில் மாதனூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில், தூங்கி வழிகிற பெண்களிடம் தினமும் கேள்வி போட்டுப் பழகியவராம் அவர். ஜெயித்தவருக்கு மாலையில் ஜன்னலோர சீட்டாம். அந்தப் பழக்கம் அப்படியே நாற்காலிக்கு வந்தது. "அய்யய்யோ, போச்சே! பரவால்ல, அடுத்தது உனக்குதான், கவனமா கேளு" என்று, தடுமாறிய அணியில் ஒரு பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் அதற்கு முன்பு இரண்டு முறை எங்கள் நிகழ்ச்சிக்கு வந்து வாயே திறக்காமல் போனவள். அன்றைக்குத் திறந்தாள். என் எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த நாற்காலி இவருக்குத்தான் என்று அப்போதே என் மனதில் முடிவாகிவிட்டது.

ஆனால் ஒரு வம்பு நடந்துவிட்டது. அந்த வாரம் மோத வேண்டிய அணிகளில் ஒன்று, ஜெயபுஷ்பத்தின் சொந்தக் கம்பெனி. எப்போதோ போட்ட வரிசை, மாற்ற வேண்டும் என்று எங்களுக்கு உறைக்கவில்லை. அவருடைய லைனில் தைக்கிற சோபனாவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். கேட்ட கேள்வி அத்தனைக்கும் சரியான விடை சொன்னார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பத்து வருட ‘ஞாயிறு கேள்வி’யில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

அன்று ராத்திரியே பற்றிக்கொண்டது. ‘கேள்வி லீக்’ என்று ஒரு குரூப்பில் போட்டார்கள், விடிவதற்குள் எல்லாக் குரூப்பிலும் அதுதான். ‘பஸ்லயே விடைய சொல்லிக் குடுத்துட்டா.’ ‘சேருக்கு அலையும்போதே தெரியலியா?’ தோற்ற கம்பெனியின் அணித்தலைவர் சமீருல்லா ஆபீசுக்கே வந்து மேஜையைத் தட்டினார். மறுபோட்டி வேண்டும், அந்தப் பொம்பளை வேண்டாம் என்றார். துணிக்கடை முதலாளி போனில், "நான் அப்பவே சொன்னேன் பாய்" என்றார். எப்போது சொன்னாரோ தெரியாது.

எனக்கு வந்த ஆத்திரத்தை அப்படியே எழுதினால் அச்சேறாது. கேள்விச் சீட்டு இரண்டே இரண்டு பேர் கைக்குத்தான் வரும். ஒன்று தொகுப்பாளர், இன்னொன்று நான். அவரும் நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்னால்தான் அதைக் கண்ணால் பார்ப்பார். அப்படியென்றால் விடை யார் வழியாகப் போயிருக்கும் என்று பேச்சு? என் வழியாக! ஆனால் என் பெயரைச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. நாற்காலி கேட்டவர் மேல்தான் எல்லாக் கல்லும் விழுந்தது.

பாய் கூப்பிட்டனுப்பினார். ஜெயபுஷ்பம் வேலை முடிந்து நேராக வந்தார், விரல்களில் தோல் சாயம்கூடப் போகவில்லை. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, முகமெல்லாம் சிவந்து நின்றார்.

"பாய், நான் உங்ககிட்ட இன்னா கேட்டேன்? சேர் கேட்டேன். ஊரு பாக்க எழுந்து நின்னு கேட்டேன். இப்டிக் கேட்டு வாங்கறவ எதுக்குத் திருடணும், சொல்லுங்க! கேக்க வெக்கப்படறவந்தான் திருடுவான்."

"நான் உங்கள நம்பறேம்மா. ஊரு நம்பணுமே" என்றார் பாய்.

"நம்ப வெக்கறேன். எப்டின்னு தெரியல, ஆனா அந்த சேர நான் விட மாட்டேன். எனக்கு அது வேணும்."

இப்படி வெளிப்படையாக ‘எனக்கு வேணும்’ என்று ஒரு பெரிய மனுஷி சொல்லி நான் கேட்டதில்லை.

பதிவை எடுத்து, வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப ஓட்டினேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் பார்த்தேன். விடைகள் திரையில் வரும். எதிரணி திரையைப் பார்த்தது. சோபனாவும் அந்த இரண்டு பெண்களும் ஒரு முறைகூடத் திரையைப் பார்க்கவில்லை. ஜெயபுஷ்பத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் விடைகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். தவறான விடை வரும்போது கீழுதடு கொஞ்சம் பிதுங்குகிறது. சரியான விடை வரும்போது புருவம் இளகி, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்கிறது. கேள்விக்குக் கேள்வி அப்படியே.

சோபனாவுக்குப் போன் போட்டேன். முப்பது வயதிருக்கும் அவளுக்கு, எதையும் மறைக்கத் தெரியாதவள்.

"ஆமாக்கா, மேடம் மூஞ்சியதான் பாத்தோம். அதுல இன்னா இருக்குது? நாங்க எப்பவும் அதான பாப்போம்."

கம்பெனியில் அப்படித்தானாம். தைத்து முடித்த தோல், ஓடுகிற கன்வேயர் பெல்ட்டில் நகர்ந்து செக்கரிடம் போகும். தேறாததன்மேல் அவர் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பியனுப்புவார். ஆனால் அதுவரைக்கும் யார் காத்திருக்கிறார்கள்? தைத்தவள் தூரத்திலிருந்தே மேடத்தின் முகத்தைப் பார்ப்பாள். உதடு பிதுங்கினால் தையலைப் பிரிக்கிற கத்தியை உடனே கையில் எடுத்துவிடுவாள். வருஷக்கணக்கில் படித்த முகம் அது. அந்த முகத்தைத்தான் நாங்கள் தூக்கி நாற்காலியில் வைத்து, கையில் விடையையும் கொடுத்திருக்கிறோம்!

மறுநாள் பாயின் ஆபீசில் பதிவைப் போட்டுக் காட்டினேன். "ஐயோ, இது எம் மூஞ்சியா! இப்டியா கோணுது!" என்று ஜெயபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவர் திருடவில்லைதான். ஆனால் விடை அவர் வழியாகத்தான் போயிருக்கிறது. "அப்ப சமீருல்லா சொல்றதுல பாதி நெஜந்தான கரோலின்?" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஊரிடம் போய் இந்த முகக் கதையைச் சொன்னால் எவன் நம்புவான்? சொன்னோம், நம்பவில்லை. ‘நல்லா கத வுடறாங்கப்பா’ என்றுதான் பதில் வந்தது.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கறுப்புக் கண்ணாடி போடலாம் என்றார் பாய். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கேட்கலாம் என்று கேமராமேன் சொன்னார். மாஸ்க் போடலாம், கோவிட் நாளில் போட்டதுதானே என்றார்கள். ஜெயபுஷ்பம் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைக் கல்லாக வைத்துப் பழகியிருக்கிறார். டேனியல் அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வவுத்து வலியா?" என்று கேட்டாராம். அதோடு அதையும் விட்டுவிட்டார்.

கடைசியில் அந்த யோசனை அவருக்கேதான் வந்தது. வேலூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டு வரும்போது எனக்குப் போன் வந்தது.

"கரோலின், விடைய எனக்குக் குடுக்காத."

"என்னக்கா?"

"கேள்வியும் அந்த மூணு விடையும் மட்டும் குடு, எது சரின்னு குறிக்காத. விடை உங்கிட்டயே இருக்கட்டும். எனக்கே தெரியலன்னா எம் மூஞ்சி இன்னாத்த சொல்லும்? அவங்க சொன்னப்புறம் சரியா தப்பான்னு நீ மைக்ல சொல்லிடு."

நான் ரயிலிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்திலிருந்தவர் முறைத்தார். பிறகுதான், மைக்கில் பேச வேண்டியது நான் என்பது உறைத்தது.

இதைக் கேட்டு ரத்தினசாமி சார் ஓசூரிலிருந்து போன் செய்தார். அவருக்கு மனத்தாங்கல். "விடை தெரியாத ஒருத்தர் அந்த நாற்காலியில உக்காந்தா அது நாற்காலிக்கே அவமானம் இல்லையாம்மா? ஊரு சிரிக்காதா?" என்று ஜெயபுஷ்பத்திடமே கேட்டார். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"சிரிக்கட்டும் சார். உங்களுக்கு எல்லாம் தெரியும், நீங்க தெரிஞ்சவரா உக்காந்தீங்க. எனக்குத் தெரியாது, நான் தெரியாதவளா உக்காரறேன். இதுல எனக்கு இன்னா சார் வெக்கம்? வீட்ல டிவி பாக்கறவங்களுக்கும்தான் தெரியாது."

சார், "நல்லா நடத்தும்மா, நான் இங்கிருந்து பாக்கறேன்" என்றார். சார் பெரிய மனுஷர் என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

மறுபோட்டிக்குப் பாய் சம்மதித்தார், அதே இரண்டு அணிகள். ஹாலில் நிற்க இடமில்லை, படிக்கட்டிலும் ஆள். சமீருல்லா தம் அணியின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணிக்கடை முதலாளி முன்வரிசையில். கௌதம் அவருக்குப் பக்கத்தில். இன்றைக்கு ஏதாவது கோணலானால் நாற்காலியும் போய், திருடி என்ற பெயரும் அந்த அம்மாவுக்கு நிலைத்துவிடும். நாளைக்குக் கம்பெனி பஸ்ஸில் அவர் தலைநிமிர்ந்து ஏற முடியாது. நான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஜெயபுஷ்பம் கேள்விச் சீட்டைக் கேமராவுக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். "பாத்துக்குங்க. கேள்வியும் மூணு விடையும்தான் இருக்குது, எது சரின்னு இல்ல. சரியான விடை கரோலின் கையில. எனக்கு ஒண்ணும் தெரியாது, நானும் உங்கள மாதிரிதான்" என்றார். கூட்டத்தில் சலசலப்பு.

கேள்விகள் போகப் போகச் சலசலப்பு அடங்கிவிட்டது. விடை தெரியாமல் கேள்வி கேட்பது இப்படி ஒரு வேடிக்கையாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்! ஒவ்வொரு கேள்விக்கும் அந்த அம்மா எங்களோடு சேர்ந்து தவித்தார். "அட, இது எதுவா இருக்கும்?" என்று நாற்காலி நுனிக்கே வந்துவிடுவார். நான் விடை சொன்னதும், "அப்டியா!" என்று வாய் பிளப்பார். முன்வரிசையில் துணிக்கடை முதலாளியே இரண்டு முறை விடையைக் கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அணிகள் இரண்டும் ஒட்டியே வந்தன, கடைசியில் சமீருல்லா அணி ஒரு மார்க் முன்னால். இரண்டு மார்க் உள்ள கடைசிக் கேள்வி சோபனா அணிக்கு. சொன்னால் ஜெயிப்பார்கள், தவறினால் சமீருல்லா அணிக்குக் கிரைண்டர்.

"மனுஷனோட ஒரு பாதத்துல எத்தன எலும்பு இருக்குது?" என்று படித்தார் ஜெயபுஷ்பம். "பதினாலு. இருபத்தாறு. நாப்பது."

பதினான்கு என்றபோது அவர் புருவம் இளகியது, கழுத்து சாய்ந்தது. இருபத்தாறுக்கும் நாற்பதுக்கும் உதடு பிதுங்கியது. நான் இங்கிருந்தே பார்த்தேன். என் கையில் இருந்த விடை இருபத்தாறு.

சோபனா வாயைத் திறந்தாள், மூடினாள். மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி வாயைத் திறந்தாள். "பதினாலு" என்றாள்.

"தவறு" என்றேன். "இருபத்தாறு."

சமீருல்லா துள்ளி எழுந்தார். அதற்குள் ஜெயபுஷ்பம் என் பக்கம் திரும்பி, "இருபத்தாறா? நெஜமாவா கரோலின்? இத்தினியூண்டு காலுக்குள்ளயா?" என்று நேரலையில் செருப்பைக் கழற்றித் தன் காலைத் தூக்கிப் பார்த்தார். "நான் பதினாலுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்!"

"அதான தெரியுது!" என்று சோபனா கத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது அவளுக்கு. "நீங்க பதினாலுக்குப் பாஸ் போட்டீங்களே மேடம்! எனக்கு இருபத்தாறுன்னு தெரியும்! எந்தங்கச்சி நர்சிங் படிக்கிறா, தினம் வீட்ல கத்திக் கத்திப் படிக்கிறா, எனக்குத் தெரியாதா? உங்க மூஞ்சியப் பாத்துத்தான் மாத்திச் சொன்னேன்!"

எங்கிருந்தோ ஒருவர் சிரித்தார், அப்புறம் மொத்த ஹாலும் சிரித்தது. சமீருல்லா அணியும் சிரித்தது. இத்தனை நாள் கழுதையாய்க் கத்தியும் நம்பாத ஊர், ஒரு வாக்கியத்தில் நம்பிவிட்டது. லீக் ஆனது கேள்விச் சீட்டு இல்லை, மேடத்தின் முகம் என்று டீக்கடை வரைக்கும் தெரிந்துபோனது.

ஜெயபுஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. பழி நீங்கிய சந்தோஷம்கூட அவருக்கு அப்போது தோன்றவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து சோபனாவிடம் போனார்.

"தெரிஞ்சத வெச்சிக்கினு எம் மூஞ்சிக்கா வுட்டுக்குடுத்த? ஏன்டி?"

"இத்தினி வருஷமா உங்க மூஞ்சிதான மேடம் எங்களுக்கு சரி தப்பு சொல்லுது" என்றாள் சோபனா. "நல்லாத் தச்சிருக்கோம்னு எங்களுக்குத் தெரிஞ்சாக்கூட, உங்களப் பாத்துட்டுதான் அடுத்தத கையில எடுப்போம்."

ஜெயபுஷ்பத்தின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. சோபனாவின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு, "தோத்தது தோத்ததுதான் சோபனா" என்று சொல்லி, கிரைண்டர்களை சமீருல்லா அணிக்கு எடுத்துக் கொடுத்தார். சமீருல்லா வாங்கும்போது, "மன்னிச்சிடும்மா, வாய் தவறிப் பேசிட்டேன்" என்றார். கௌதம்தான் முதலில் எழுந்து நின்று கைதட்டினான். நல்ல பையன், அன்றிலிருந்து அவனைப் பற்றி யார் கேலி பேசினாலும் எனக்குக் கோபம் வரும்.

நிகழ்ச்சி முடிந்ததும் மக்பூல் பாய் ஜனங்களின் தீர்ப்பு, சேனலின் பாரம்பரியம் என்று என்னவோ ஆரம்பித்தார். "எனக்கா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க பாய், மாதனூர் பஸ் போய்டும்" என்றார் ஜெயபுஷ்பம். "உங்களுக்குத்தாம்மா" என்றார் பாய்.

சோபனா ஒரு வாரம் பஸ்ஸில் மேடத்திடம் பேசவில்லையாம். கிரைண்டர் போன கோபம், நியாயம்தானே. ஜெயபுஷ்பம் சமாதானத்துக்கும் போகவில்லை. ஆனால் பெல்ட்டில் ஒரு தோல் வந்தால், கையில் எடுத்ததும் தலையைக் குனிந்துகொள்ள ஆரம்பித்தார். ஸ்டிக்கர் ஒட்டுகிற வரைக்கும் நிமிர்வதில்லை. "கழுத்து வலிக்குது, ஆனா இப்ப பசங்க என்னப் பாக்கறத வுட்டுட்டு, தச்சதத் திருப்பிப் பாக்குதுங்க" என்றார் என்னிடம்.

நாற்காலியில் அவர் குனிவதில்லை. அங்கே அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை. இப்போது அவர் உட்கார்ந்து நடத்துவதைப் பார்க்க வாணியம்பாடியிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. நான் மைக்கில் பேசிப் பேசி, பஸ்ஸில் ஜன்னலைச் சாத்தச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

போன மாதம் சோபனாவின் அணி மறுபடி வந்தது. கடைசிக் கேள்வி அவளுக்கே விழுந்தது. "ஆக்டோபஸ்ஸுக்கு எத்தன இதயம்? ஒண்ணு, மூணு, எட்டு" என்று படித்தார் ஜெயபுஷ்பம். ஒன்று என்றபோது அவர் முகம் முழுக்க, இதிலென்ன சந்தேகம், எல்லா உயிருக்கும் ஒன்றுதானே என்று எழுதியிருந்தது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தோம்.

சோபனா பார்க்கவில்லை. கேள்வி ஆரம்பித்தபோதே கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். மூடிய கண்ணோடே, "மூணு" என்றாள்.

ஜெயபுஷ்பத்தின் உதடு பிதுங்கியது. போச்சே என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், பாஸா?" என்றாள் சோபனா, கண்ணைத் திறக்காமலே.

"என்னக் கேக்காத, எனக்கின்னா தெரியும்? கரோலினக் கேளு."

"சரியான விடை" என்றேன்.

ஜெயபுஷ்பம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஆம்பூர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "மூணாம்டி சோபனா! எனக்குத் தெரியவே தெரியாது!" என்று கத்தினார்.